ஹீட்டர் எரிந்ததற்கு யார் காரணம்?

டீச்சர் என்று கூப்பிடும் என் பிள்ளைகளுக்கும், அத்தை, பெரியம்மா என்று கூப்பிடும் சொந்தங்களுக்கும் நெட்டப்பாக்கத்திலிருந்து வணக்கம்.

பதிவு கொஞ்சம் நீளம். திருபுவனை, மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம் என்று தொழிற்பேட்டைகளுக்கு வேலைக்குப் போகிறவர்களும், சின்னதாக ஒரு யூனிட் வைத்திருப்பவர்களும் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். மற்றவர்களும் படிக்கலாம், வீட்டில் ஒரு வாட்டர் ஹீட்டராவது இருக்கும்.

போன வருடம் ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தான். பிள்ளை என்கிறேன், அவனுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். கையில் ஒரு மஞ்சள் பை. பையில் கருகிப்போன ஒரு ஹீட்டர். வளைத்த குழாய்தான், ஆனால் குழாயே தெரியாத அளவுக்கு வெள்ளையாக உப்பு பிடித்திருந்தது.

"எட்டு மாசத்துல இது நாலாவது டீச்சர். தண்ணி இல்லாம சுவிட்சு போட்டுட்டேன்னு சொல்லி சம்பளத்துல புடிச்சிட்டாங்க. ரெண்டு தடவ ஆயிரத்து எண்ணூறு. நான் ஒருவாட்டி கூட அப்படிப் போடல."

அவன் வேலை பார்ப்பது பாட்டில் கழுவும் ஒரு சிறு யூனிட். 300 லிட்டர் டேங்க். காலை 9 மணிக்குள் தண்ணீர் 70 டிகிரிக்கு வந்துவிட வேண்டும். மூன்றாவது ஹீட்டர் போனபோது டேங்கைத் தொட்ட ஒரு பெண்ணுக்கு ஷாக் அடித்ததாம். கையை உதறிக்கொண்டு தப்பித்துவிட்டாள். அதற்கும் பழி இவன் மேல்தான்.

நான் இன்ஜினியர் இல்லை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ முடித்து, நடுநிலைப் பள்ளியில் அறிவியலும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவள். ஆனால் மின்சாரம் எப்படிச் சூடாகிறது என்ற பாடத்தை இவனுக்கு நடத்தியதே நான்தான். "மின்னோட்டத்தின் இருமடி, மின்தடை, காலம் மூன்றையும் பெருக்கினால் வெப்பம்" என்று ஜூல் விதியை மனப்பாடம் செய்ய வைத்தேன். வெப்பம் எவ்வளவு உண்டாகும் என்பதை அந்த விதி சொல்லிவிடும். உண்டான வெப்பம் எங்கே போகும், எந்த வழியாகப் போகும் என்று நானும் கேட்கவில்லை, பாடப் புத்தகமும் கேட்கவில்லை. அந்தக் கேள்விதான் மஞ்சள் பையில் வீடு தேடி வந்தது.

மறுநாள் பாண்டியில் ஹீட்டர் கட்டிக் கொடுக்கும் ஒரு பெரியவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வருடமாக இதே தொழில். அவர் குழாயைக் குறுக்கே அறுத்துக் காட்டினார். நடுவில் மெல்லிய கம்பிச் சுருள். அதுதான் நிக்ரோம், நிக்கலும் குரோமியமும் கலந்தது. அமெரிக்காவில் ஆல்பர்ட் மார்ஷ் என்பவர் 1906-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சுருளைச் சுற்றி வெள்ளைப் பொடி, மெக்னீசியம் ஆக்சைடு. வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. அதற்கு வெளியே உலோகக் குழாய். நம் வீட்டுக் கெய்சருக்குள் இருப்பதும் பெரும்பாலும் இதே அமைப்புதான்.

பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "பழசு எவ்ளோ நீளம் இருந்துச்சு?"

பையன் யோசித்தான். கம்பெனி ஆரம்பித்தபோது இருந்த ஹீட்டர் நாலு வருடம் ஓடியது. அதன் குழாய்கள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் சூடாகும். பிறகு வாங்கியவை எல்லாம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, 55 செ.மீ. இரண்டும் 6 கிலோவாட்தான். இரண்டிலும் மூன்று குழாய், குழாய்க்கு 2 கிலோவாட். பில்லில் பார்த்தால் ஒரே சரக்கு. புதியது விலை குறைவு, அதனால் வாங்கினார்கள்.

அங்கேயே ஒரு அட்டையைக் கிழித்து அவனையே கணக்குப் போடச் சொன்னேன். குழாயின் விட்டம் 11 மி.மீ., அதாவது 1.1 செ.மீ. உருளையின் வளைபரப்பு என்ன? பை, விட்டம், நீளம் மூன்றையும் பெருக்க வேண்டும். மறக்கவில்லை, சரியாகப் போட்டான்.

பழைய குழாய்: 3.14 × 1.1 × 100 = சுமார் 345 சதுர செ.மீ. 2000 வாட்டை அதால் வகுத்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 5.8 வாட்.

புதிய குழாய்: 3.14 × 1.1 × 55 = சுமார் 190 சதுர செ.மீ. வகுத்தால் 10.5 வாட்.

அதே 6 கிலோவாட் வெப்பம், ஆனால் வெளியே வர ஏறக்குறைய பாதி வாசல்தான். கல்யாண மண்டபத்தில் கூட்டத்தைக் குறைக்காமல் ஒரு கதவைச் சாத்தினால் என்ன நடக்கும்? அதுதான் அந்தக் குழாய்க்குள் நடந்தது.

தண்ணீர் நல்ல தண்ணீராக இருந்தால் 8 அல்லது 10 வாட் வரை தாங்கும் என்பது இந்தத் தொழிலில் பொதுவான கணக்கு. நம் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோற்றுப் பானையிலேயே வெள்ளை படிகிறது. சூடான இடத்தில் சுண்ணாம்பு உப்பு இன்னும் வேகமாகப் படியும். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும், சுண்ணாம்பு நேர்மாறு.

படிந்த உப்பு வெப்பத்தைக் கடத்துவதில் செம்பில் நூறில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஒரு மி.மீ. படிந்தாலே, அதைத் தாண்டி அதே வெப்பத்தைத் தள்ள குழாய் தன் சூட்டை ஏற்றிக்கொண்டாக வேண்டும். பழைய குழாய் சுமார் 30 முதல் 60 டிகிரி வரை ஏற்றினால் போதும். புதியதற்கு 50 முதல் 100 டிகிரி வரை வேண்டும். சூடு ஏற ஏற உப்பு இன்னும் படியும். உப்பு படியப் படியச் சூடு இன்னும் ஏறும். கடைசியில் உள்ளே கம்பி அறுந்துபோகும், அல்லது குழாய் வெடித்துத் தண்ணீர் உள்ளே புகும். அந்தப் பெண்ணுக்கு ஷாக் அடித்த நாளில் வெடிப்பு வழியாகத் தண்ணீர் மின்கம்பியைத் தொட்டுவிட்டது.

ஆக, பையன் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே, பில் போட்ட அன்றைக்கே அந்த ஹீட்டரின் ஆயுள் முடிவாகிவிட்டது.

இதுதான் நான் சொல்ல வந்தது. ஹீட்டர் எரிந்தால் முதலில் அதைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கேளுங்கள். ஆபரேட்டரைப் பிறகு கேட்கலாம். எத்தனை கிலோவாட், என்ன விலை என்ற இரண்டு கேள்வியோடு வாங்கிவிட்டு, எரிந்ததும் ஆளைத் தேடுவது நியாயமில்லை.

அப்படியானால் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்? பெரியவரிடமும், பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தும் என் இன்னொரு மாணவனிடம் போனிலும் கேட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1. எவ்வளவு நேரத்தில், எவ்வளவு சூடு?

தண்ணீருக்கு எளிய கணக்கு: லிட்டரை, ஏற வேண்டிய டிகிரியால் பெருக்கி, 860-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் கரண்ட் என்று வரும். 300 லிட்டர், 30-லிருந்து 70 டிகிரி என்றால் 300 × 40 ÷ 860 = சுமார் 14 யூனிட். 6 கிலோவாட்டில் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். டேங்க் வழியாக இழப்பதையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் ஆகலாம். அவசரப்பட்டு 12 கிலோவாட் வாங்குவதற்கு முன், டேங்குக்கு ஒரு மூடி போடுங்கள், வெளிப்பக்கம் சூடு போகாதபடி சுற்றுங்கள். திறந்த டேங்கில் ஆவியாகப் போகும் வெப்பம் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது.

2. எதைச் சூடாக்கப் போகிறோம்?

தண்ணீரில் பிழைக்கும் ஹீட்டர் எண்ணெயில் பிழைக்காது. எண்ணெய் வெப்பத்தை மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். லேசான மெஷின் ஆயில் என்றால் சதுர செ.மீ.க்கு 2 அல்லது 3 வாட்தான். ஃபர்னஸ் ஆயில் போலக் கெட்டியானது என்றால் ஒன்று, ஒன்றரை. மீறினால் எண்ணெய் குழாயிலேயே கருகிக் கரியாக ஒட்டும். பிறகு அந்தக் கரியும் உப்பு செய்த அதே வேலையைச் செய்யும்.

பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினில் பேரலைச் சுற்றி வளையம் போல மாட்டுவார்களே, பேண்ட் ஹீட்டர், அதற்கு எதிரி காற்று இடைவெளி. காற்று, இரும்பைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் மோசமான கடத்தி. வளையம் இறுக்கமாக உட்கார வேண்டும். ஒருமுறை சூடேறிய பிறகு கரண்டை நிறுத்திவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். துளைக்குள் செருகும் கார்ட்ரிட்ஜ் ஹீட்டருக்கும் இதே கதைதான். துளை தளர்வாக இருந்தால் எவ்வளவு உயர்ந்த சரக்கும் எரியும்.

3. வெளிக்குழாய் என்ன உலோகம்?

நல்ல தண்ணீருக்குச் செம்பு போதும். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று மட்டும் சொன்னால் போதாது, எத்தனாம் நம்பர் என்று கேளுங்கள். பொதுவாகக் கிடைக்கும் 304, உப்பு கலந்த சூடான தண்ணீரில் ஊசி முனை போலப் பொத்தல் விழும். பாகூர்ப் பக்கம் கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உவர்ப்பு. அங்கே இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மாலிப்டினம் சேர்ந்த 316 அதைவிடத் தாங்கும். அதற்கும் மேலே இன்காலாய் என்று ஒன்று இருக்கிறது, நிக்கல் அதிகம். முலாம் பூசும் அமிலத் தொட்டிக்கு இவை எதுவுமே சரிப்படாது. டைட்டானியமோ குவார்ட்ஸோ டெஃப்லான் உறையோ, அமிலத்தைப் பொறுத்துக் கேட்டு வாங்க வேண்டும்.

4. உலைக்கா?

தண்ணீர், எண்ணெய் இல்லாமல் உலைக்குள் கம்பியாகவே போடுவது என்றால் கம்பியின் வகை முக்கியம். நிக்ரோம் சுமார் 1200 டிகிரி வரை. 1931-ல் ஸ்வீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோவ் தொடங்கிய கான்தல் நிறுவனத்தின் பெயராலேயே நாம் சொல்லும் கான்தல் கம்பி, இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்தது. அதில் உயர்ந்த ரகம் 1400 டிகிரி வரை போகும். ஆனால் ஒருமுறை நன்றாகச் சூடேறிவிட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். பிறகு வளைத்து, நிமிர்த்தி ரிப்பேர் பார்க்க முடியாது. இரண்டுக்கும் குணம் வேறு, கடையில் இருப்பதை மாற்றிப் போடக் கூடாது.

5. எத்தனை வோல்ட், எப்படி இணைப்பு?

வோல்டேஜ் கொஞ்சம் மாறினாலும் வெப்பம் இருமடியாக மாறும். 240 வோல்ட் ஹீட்டருக்கு 200 வோல்ட் வந்தால் 70 சதவீத வெப்பம்தான். "ஹீட்டர் சரியில்லை" என்று பெரியது வாங்குவதற்கு முன் வோல்டேஜைப் பாருங்கள்.

இதைவிட ஆபத்தான ஒன்று உண்டு. மூன்று 230 வோல்ட் எலிமென்ட்டை மூன்று ஃபேஸில் இணைக்கும்போது ஸ்டார் முறையில் இணைக்க வேண்டும். அப்போது ஒவ்வொன்றுக்கும் சுமார் 240 வோல்ட் வரும். தெரியாமல் டெல்டாவாக இணைத்துவிட்டால் 415 வோல்ட். 2 கிலோவாட் எலிமென்ட் ஆறரை கிலோவாட்டாக வேலை செய்யப் பார்க்கும். கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். இதற்கும் பழி சுவிட்சு போட்டவன் மேலேயே விழும்.

6. பாதுகாப்புக்கு என்ன?

தண்ணீர் குறைந்தால் தானே நிறுத்தும் மிதவை சுவிட்சு, தெர்மோஸ்டாட் பழுதானாலும் தனியாக நிறுத்தும் இன்னொரு கட்டுப்பாடு, சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே கரண்டைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இந்த நான்கும் ஹீட்டரோடு சேர்ந்தவை. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விடக் கூடியவை இல்லை. பொடி அடைத்த இந்தக் குழாய் எலிமென்ட்டுகளுக்கு ஐ.எஸ். 4159 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது. வாங்கும்போது அதைச் சொல்லிக் கேளுங்கள்.

மழைக்காலத்துக்கு ஒரு குறிப்பு. உள்ளே இருக்கும் வெள்ளைப் பொடி ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் ஸ்டோரில் கிடந்த புது ஹீட்டரை எடுத்து அப்படியே மாட்டினால் கரண்ட் கசியலாம். எலக்ட்ரீஷியனை விட்டு மெக்கரில் சோதித்து, ஒரு மெகாஓமுக்குக் கீழே காட்டினால் குறைந்த சூட்டில் சில மணி நேரம் உலர்த்திவிட்டு மாட்டச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். மறுவாரம் அவனோடு நானே கம்பெனிக்குப் போனேன். முதலாளியும் சின்ன வயதுதான். நாற்காலி போட்டு, "வாங்க டீச்சரம்மா" என்றார். கெட்டவர் இல்லை. கடன் வாங்கித் தொழில் நடத்துகிறார். ஹீட்டர் ஒரு நாள் நின்றால் ஆர்டர் நிற்கும், கோபம் வரத்தான் செய்யும்.

"தம்பி, இந்தக் கணக்கைப் பாருங்க" என்று அந்த அட்டையை நீட்டினேன். 5.8, 10.5 இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்போ தண்ணி இல்லாம போட்டா எரியாதா டீச்சரம்மா?"

நியாயமான கேள்வி. எரியும். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி கொஞ்ச நேரத்திலேயே பழுக்கும். ஆனால் அதற்குத் தடயம் வேறு. பெரும்பாலும் மேல் பகுதி மட்டும் நீலமும் கறுப்புமாக நிறம் மாறியிருக்கும். இவன் கொண்டுவந்ததில் நிறம் மாறவில்லை. தடித்த உப்புக்கு அடியில், தண்ணீருக்குள்ளேயே இருந்த இடத்தில் கருகியிருந்தது. எரிந்த ஹீட்டரைக் குப்பையில் எறியாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். சாட்சி அதுதான்.

இன்னொன்றும் சொன்னேன். ஆள் மறந்தால் எரிந்துபோகும் என்று தெரிந்தும் மிதவை சுவிட்சு வைக்கவில்லை என்றால், அதுவும் வாங்கியவர் தேர்வுதானே? மனுஷன் மறப்பான். ஐம்பது பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்திய எனக்கு அது நன்றாகத் தெரியும்.

சம்பளம் பிடித்ததைப் பற்றியும் பேசினேன். 1936-ஆம் ஆண்டு கூலி வழங்கல் சட்டத்திலிருந்தே விதி இருக்கிறது. தொழிலாளியின் அலட்சியத்தால் நேரடியாக நேர்ந்த சேதத்துக்குத்தான் பிடிக்கலாம். அதுவும் அவன் பக்கத்து விளக்கத்தைக் கேட்ட பிறகுதான். "யார் கேட்டீங்க அவன?" என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முடிவில் குழாய்க்கு ஒரு மீட்டர் சூடாகும் நீளத்தில், இன்காலாய் உறையோடு ஹீட்டர் சொல்லிச் செய்தார்கள். விலை இரண்டரை மடங்கு. மிதவை சுவிட்சும் ஆர்.சி.சி.பி.யும் வந்தன. மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, ஹீட்டரைக் கழற்றி உப்பைச் சுத்தம் செய்கிறார்கள். தேதியை ஒரு நோட்டில் எழுதுகிறான் பையன். கையெழுத்து இன்னும் கோழி கிளறியது மாதிரிதான் இருக்கிறது, பரவாயில்லை. இதை எழுதும் வரை அந்த ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.

பிடித்த பணத்தில் பாதி திரும்ப வந்தது. மீதி வரவில்லை. நான் மறக்கவும் இல்லை.

இப்போது என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்களில் பலர் ஐ.டி.ஐ. முடித்து மெயின்டனன்ஸில் இருக்கிறீர்கள். "வாங்கிக் கொடுத்ததை மாட்டுவதுதான் என் வேலை" என்று இருந்துவிடாதீர்கள். மாட்டும் முன் டேப் எடுத்து நீளம் அளங்கள், விட்டம் அளங்கள், பரப்பால் வாட்டை வகுங்கள். எட்டாம் வகுப்புக் கணக்குதான். அந்த நம்பரை எழுதி வாங்குபவரிடம் கொடுங்கள். கேட்டால் நல்லது, கேட்காவிட்டால் ஒரு நாள் அந்தக் காகிதம் உங்களைக் காப்பாற்றும்.

யூனிட் நடத்தும் பிள்ளைகளுக்கு: விலை குறைந்த ஹீட்டர் நாலு தடவை எரிந்தால் அது விலை குறைந்தது இல்லை. நின்றுபோன நாட்களையும் அந்தக் கணக்கில் சேருங்கள். வேலைக்காரர்கள் உங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கைக்கு பில் கிடையாது, அதனால் அது போவது நோட்டில் தெரியாது.

இப்போதும் வகுப்பெடுக்கும் ஆசிரியப் பிள்ளைகளுக்கு: ஜூல் விதியை நடத்தும்போது ஒரு பழைய ஹீட்டரை வகுப்புக்குக் கொண்டுபோங்கள். "இந்த வெப்பம் எந்த வழியாக வெளியே போகும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் கேட்காமல் விட்ட கேள்வி அது.

உங்கள் கம்பெனியில் ஹீட்டர் அடிக்கடி எரிகிறதா? நீளம், விட்டம், வாட், தண்ணீரா எண்ணெயா என்று கமெண்டில் எழுதுங்கள். கணக்கை நான் போட்டுத் தருகிறேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்த பிள்ளைகள் இங்கேயே நிறைய பேர் இருக்கிறீர்கள், நீங்கள் சொல்லுங்கள்.

ஈரக் கையோடு யாரும் சுவிட்சைத் தொடாதீர்கள். எல்லோரும் நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்